ஒரே எண்ணுக்குள் இரண்டு உறவுகள்: கலப்பு மாதிரியில் ஒட்டுறவைப் படிப்பது எப்படி?

காலையில் ஓடப் போகிறவர்கள் இருபது பேரை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொருவர் கையிலும் இதயத் துடிப்பைக் காட்டும் கடிகாரம் இருக்கிறது. பத்து நாள் காலையில் ஒவ்வொருவரும் ஓடிய வேகத்தையும் அப்போதைய சராசரித் துடிப்பையும் குறித்துவைக்கிறோம். மொத்தம் 200 வரிகள். வேகத்துக்கும் துடிப்புக்கும் என்ன உறவு?

ஓடுகிறவரைக் கேட்டால், "வேகத்தைக் கூட்டினால் துடிப்பு ஏறும்" என்பார். பயிற்சியாளரைக் கேட்டால் வேறு மாதிரி சொல்வார். நன்றாகப் பயிற்சி எடுத்தவரின் இதயம் ஒரு துடிப்பிலேயே நிறைய ரத்தத்தைத் தள்ளிவிடும். அதனால் அவர் தன் வழக்கமான வேகத்தில் மற்றவர்களை முந்திப் போனாலும் துடிப்பு அவர்களைவிடக் குறைவாகவே இருக்கும். ஆக, வேகமாக ஓடுகிறவர்களுக்குத் துடிப்பு குறைவு.

இரண்டு பேரும் சரியாகத்தான் சொல்கிறார்கள். முதலாமவர் பேசுவது ஒரே ஆளின் ஒரு நாளுக்கும் இன்னொரு நாளுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பற்றி. பயிற்சியாளர் பேசுவது ஓர் ஆளுக்கும் இன்னோர் ஆளுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பற்றி. 200 வரிகளையும் ஒன்றாகக் கொட்டி ஒரே ஒட்டுறவு எண்ணைக் (இரண்டு அளவுகள் எவ்வளவு தூரம் சேர்ந்து ஏறி இறங்குகின்றன என்பதை −1 முதல் +1 வரை காட்டும் எண்) கணக்கிட்டால், இந்த இரண்டும் அதற்குள் கலந்துவிடும். பல நேரம் ஒன்றை ஒன்று அழித்து, "உறவே இல்லை" என்று எண் சொல்லும். இரண்டு வலுவான உறவுகள் இருக்கும் இடத்தில் ஒன்றுமே இல்லை என்று நாம் எழுதிவிடுவோம். கலப்பு மாதிரி (mixed model) என்ற புள்ளியியல் முறை இந்தக் கலவையைப் பிரித்துக் கொடுக்கிறது. பிரித்த பிறகு வரும் எண்களுக்கு என்ன பொருள், எந்த எண்ணை வைத்து எதைச் சொல்லலாம் என்பதில்தான் புதிதாக வருகிறவர்கள் தடுமாறுகிறார்கள். அதனால் மென்பொருளைப் பற்றிக் குறைவாகவும் பொருளைப் பற்றி அதிகமாகவும் எழுதுகிறேன்.

1950-ல் கிடைத்த எச்சரிக்கை

இந்தச் சிக்கலைப் பலர் கவனிக்கவைத்தவர் டபிள்யூ. எஸ். ராபின்சன் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர். 1930-ம் ஆண்டு அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பை எடுத்துக்கொண்டு, வெளிநாட்டில் பிறந்தவர்களுக்கும் எழுத்தறிவின்மைக்கும் உள்ள உறவை அவர் இரண்டு விதமாகக் கணக்கிட்டார். 48 மாநிலங்களை 48 புள்ளிகளாக வைத்தபோது ஒட்டுறவு −0.53 வந்தது. அதாவது, வெளிநாட்டில் பிறந்தவர்கள் நிறைய இருக்கும் மாநிலங்களில் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் குறைவு. தனிமனிதர்களை வைத்துக் கணக்கிட்டபோது 0.12 வந்தது. வெளிநாட்டில் பிறந்த ஒருவர் எழுத்தறியாதவராக இருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிடச் சற்று அதிகம். குறியே மாறிவிட்டது.

காரணம் எளிதானது. குடியேறியவர்கள் பெரும்பாலும் எழுத்தறிவு ஏற்கெனவே அதிகமாக இருந்த மாநிலங்களுக்குப் போனார்கள். மாநில அளவிலான எண் மக்கள் எங்கே போய் வாழ்ந்தார்கள் என்பதைச் சொல்கிறது. தனிமனிதர் அளவிலான எண் யாருக்குப் பள்ளிக்கூடம் கிடைத்தது என்பதைச் சொல்கிறது. ஒன்றை வைத்து இன்னொன்றைப் பேச முடியாது. ராபின்சன் 1950-ல் இதை எழுதினார். அதே தவறு வேறு வேறு துறைகளில் இன்றும் நடக்கிறது.

மாதிரி என்ன செய்கிறது?

ஓட்டக்காரர்களிடம் திரும்புவோம். ஓர் ஆளின் ஒரு நாள் வேகத்தை மூன்று துண்டாகப் பார்க்கலாம். எல்லோருக்கும் பொதுவான சராசரி ஒன்று. அந்த ஆள் அந்தச் சராசரியிலிருந்து எவ்வளவு விலகியவர் என்பது இரண்டாவது. அன்றைக்கு அவர் தன் வழக்கத்திலிருந்து எவ்வளவு விலகினார் என்பது மூன்றாவது. துடிப்பையும் இதே போல மூன்றாகப் பிரிக்கலாம்.

இனி இரண்டு பண்புகளையும் ஒரே மாதிரிக்குள் வைக்கிறோம். 'ஆளின் விலகல்' வேகத்துக்கு ஒன்று, துடிப்புக்கு ஒன்று என்று ஜோடியாக வரும். இருபது பேருக்கு இருபது ஜோடிகள். அந்த ஜோடிகளுக்குள் உள்ள ஒட்டுறவுதான் ஆட்களுக்கிடையேயான ஒட்டுறவு. 'அன்றைய விலகல்' என்பதும் ஜோடியாகத்தான் வரும், இருநூறு ஜோடிகள். அவற்றுக்குள் இருப்பது ஒரே ஆளுக்குள் உள்ள ஒட்டுறவு. மென்பொருள் இவற்றை இரண்டு சிறிய அட்டவணைகளாகக் காட்டும். ஒன்று ராண்டம் விளைவுகளின் (இங்கே ஆளின் விலகல்கள்) கீழே இருக்கும், இன்னொன்று எச்சங்களின் (மீதி நிற்கும் அன்றைய விலகல்கள்) கீழே இருக்கும். எச்சம் என்றதும் அது வெறும் குப்பை என்று பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். ஓடுகிறவர் சொன்ன உண்மை முழுவதும் அந்த அட்டவணைக்குள்தான் இருக்கிறது.

முதன்முதலில் ஒரே தரவிலிருந்து இப்படி எதிரெதிர்க் குறியோடு இரண்டு எண்கள் வந்ததைப் பார்த்தபோது, தரவை ஏற்றியதில் ஏதோ தப்பு என்று நினைத்து வரி வரியாகச் சரிபார்த்தேன். தப்பு எதுவும் இல்லை. எதிரெதிர்க் குறி வருவது அரிதான விபத்தும் இல்லை. அதன் காரணத்தைக் கொஞ்சம் கழித்துச் சொல்கிறேன்.

முதலில் கலவை எப்படி நடக்கிறது என்பதை எண்களில் பார்த்துவிடலாம். இவை விளக்கத்துக்காக நானே வைத்துக்கொண்ட எண்கள். வேகத்தில் உள்ள மொத்த மாறுபாட்டில் 0.5 பங்கு ஆளுக்கு ஆள் வரும் வித்தியாசம், மீதி 0.5 நாளுக்கு நாள் வருவது. துடிப்பில் 0.6 ஆளுக்கு ஆள், 0.4 நாளுக்கு நாள். ஆட்களுக்கிடையே ஒட்டுறவு −0.6. ஒரே ஆளுக்குள் ஒட்டுறவு +0.7.

எல்லாவற்றையும் கொட்டிக் கணக்கிட்டால் என்ன வரும்? ஆட்களுக்கிடையேயான ஒட்டுறவை 0.5, 0.6 இரண்டின் பெருக்கலின் வர்க்கமூலத்தால் பெருக்க வேண்டும். வர்க்கமூலம் 0.55, பெருக்கினால் −0.33. ஆளுக்குள் உள்ள ஒட்டுறவை 0.5, 0.4 இரண்டின் பெருக்கலின் வர்க்கமூலத்தால் பெருக்க வேண்டும். வர்க்கமூலம் 0.45, பெருக்கினால் +0.31. இரண்டையும் கூட்டினால் −0.02. பூஜ்யம் என்றே சொல்லிவிடலாம். இரண்டு நிலைகளிலும் வலுவான உறவு இருந்தும் மொத்தத்தில் ஒன்றும் தெரியவில்லை.

இந்தக் கணக்கிலிருந்து இன்னொன்றும் புரியும். ஒரு பண்பு ஆளுக்கு ஆள் நிறைய மாறி, அதே ஆளுக்குள் கிட்டத்தட்ட மாறாமல் இருந்தால், மொத்த ஒட்டுறவு ஆட்களுக்கிடையேயான உறவின் பக்கம் சாயும். நாளுக்கு நாள் ஆடும் பண்பென்றால் மறுபக்கம் சாயும். ஆகவே இரண்டு ஆய்வுகள் ஒரே பண்புகளுக்கு வேறு வேறு மொத்த ஒட்டுறவைச் சொன்னால், அவை முரண்படுகின்றன என்று உடனே முடிவுகட்ட வேண்டாம். கலவையின் விகிதம் மட்டும் மாறியிருக்கலாம்.

ஆளுக்கு ஒரு சராசரி எடுத்தால் போதாதா?

இதுதான் எல்லோருக்கும் வரும் அடுத்த யோசனை. ஒவ்வொருவரின் சராசரி வேகம், சராசரித் துடிப்பு இரண்டையும் எடுத்து, இருபது புள்ளிகளுக்கு ஒட்டுறவு பார்த்தால் ஆட்களுக்கிடையேயான உறவு வந்துவிடும் என்று தோன்றும். முழுதாக வராது. ஆளுக்கு இரண்டு நாள் மட்டும் அளந்திருந்தால், அந்தச் சராசரிக்குள் அன்றைய விலகல்களில் பாதி இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கும். மேலே சொன்ன அதே எண்களை வைத்துப் போட்டுப் பார்த்தால், உண்மை −0.6 ஆக இருக்க, சராசரிகளின் ஒட்டுறவு −0.22 என்று வரும். பத்து நாள் அளந்தால் −0.50. நாட்கள் கூடக் கூட உண்மையை நெருங்கும், ஆனால் மெதுவாக. கலப்பு மாதிரி இந்த ஒட்டுதலைக் கணக்கில் எடுத்துக் கழித்துவிடுகிறது.

இதே வகையில் இன்னொரு குறுக்குவழியும் உண்டு. ஒவ்வொரு பண்புக்கும் தனித்தனியாக ஒரு மாதிரி ஓட்டி, ஒவ்வோர் ஆளுக்கும் மாதிரி கணித்துத் தரும் விலகல்களை எடுத்து, அவற்றுக்கிடையே ஒட்டுறவு பார்ப்பது. பார்க்க நேர்த்தியாக இருக்கும். ஆனால் அந்தக் கணிப்புகள் சராசரியை நோக்கி இழுக்கப்பட்டவை, ஒவ்வொன்றிலும் நிச்சயமின்மை இருக்கிறது, அந்த நிச்சயமின்மை அடுத்த படியில் காணாமல் போய்விடுகிறது. முடிவு இருக்க வேண்டியதைவிட உறுதியானதாகத் தோற்றமளிக்கும். 2010-ல் ஜாரட் ஹாட்ஃபீல்டும் சக ஆய்வாளர்களும் சூழலியலிலும் பரிணாமவியலிலும் பரவியிருந்த இந்தப் பழக்கத்தைத் தனிக் கட்டுரையாகவே எழுதி எச்சரித்தார்கள். இரண்டு பண்புகளையும் ஒரே மாதிரிக்குள் சேர்த்து ஓட்டுவதுதான் வழி. எம்சிஎம்சி-ஜிஎல்எம்எம் (MCMCglmm), பிஆர்எம்எஸ் (brms) போன்ற, ஆர் (R) என்ற புள்ளியியல் நிரல்மொழியின் தொகுப்புகளில் இதைச் செய்யலாம். முன்னது ஹாட்ஃபீல்ட் எழுதியதுதான்.

குறி ஏன் மாறுகிறது?

ஒரு குடும்பத்தின் மாதச் செலவை நினைத்துப் பாருங்கள். பள்ளிக் கட்டணம் கட்டும் மாதத்தில் துணிமணிக்குப் பணம் மிஞ்சாது. ஒரே குடும்பத்துக்குள் பார்த்தால், ஒன்று ஏறினால் மற்றொன்று இறங்குகிறது. ஆனால் பல குடும்பங்களை ஒப்பிட்டால், அதிகக் கட்டணம் கட்டும் வீடுதான் துணிக்கும் அதிகம் செலவழிக்கிறது. அந்த வீட்டுக்கு வருமானமே அதிகம். பகிர்ந்துகொள்வதில் உள்ள இழுபறி குடும்பத்துக்குள் தெரிகிறது. வருமானத்தில் உள்ள ஏற்றத்தாழ்வு குடும்பங்களுக்கிடையே தெரிகிறது.

உயிரினங்களிலும் இதே கதைதான். உண்ட உணவை உடல் வளர்ச்சிக்கும் முட்டைக்கும் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்றால் இரண்டுக்கும் இடையே இழுபறி இருக்க வேண்டும். ஆனால் களத்தில் அளந்தால், பெரிய உடம்புக்காரிதான் நிறைய முட்டையும் இடுகிறாள் என்று பல முறை வருகிறது. வான் நோர்ட்வைக், டி யோங் என்ற நெதர்லாந்து ஆய்வாளர்கள் இருவர் 1986-ல் இதற்கு விளக்கம் தந்தார்கள். ஈட்டுவதில் உள்ள வித்தியாசம், பகிர்வதில் உள்ள வித்தியாசத்தைவிடப் பெரிதாக இருந்தால், இழுபறி கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். உங்கள் தரவில் குறி மாறினால் இந்தக் கேள்வியைத்தான் முதலில் கேட்பேன்: ஆட்களுக்கிடையே வேறுபடும் 'வருமானம்' எது?

ரம் தீவின் மான்கள்

நிலைகளைக் குழப்பினால் எவ்வளவு பெரிய தவறு வரும் என்பதற்கு நான் மிகவும் மதிக்கும் உதாரணம் ஸ்காட்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பால் உள்ள ரம் என்ற தீவிலிருந்து வருகிறது. அங்கே செம்மான்களை ஒவ்வொன்றாக அடையாளம் வைத்து, பிறப்பிலிருந்து இறப்பு வரை பல பத்தாண்டுகளாகத் தொடர்ந்து கவனித்துவருகிறார்கள். ஆண் மான்களின் கிளைக்கொம்பு ஒவ்வோர் ஆண்டும் உதிர்ந்து புதிதாக முளைக்கும். ஆகவே ஒரே மானின் கொம்பை ஆண்டுதோறும் அளக்க முடியும். இலையுதிர் காலத்தில் ஆண் மான்கள் பெண் மான்களுக்காக மோதிக்கொள்கின்றன. எந்தக் குட்டிக்கு எந்த ஆண் தந்தை என்பதை டிஎன்ஏ கொண்டு கண்டுபிடிக்கிறார்கள்.

லோஸ்கே க்ருக், ஜோசபின் பெம்பர்டன், டிம் கிளட்டன்-பிராக் முதலியோர் இந்தத் தரவை வைத்து 2002-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பெரிய கொம்புள்ள ஆண் மான்கள் வாழ்நாளில் அதிகக் குட்டிகளுக்குத் தந்தையாயின. கொம்பு ஒரு திட்டவிலக்கம் (மான்களுக்கிடையே வழக்கமாக உள்ள வித்தியாசத்தின் அளவு) கூடினால் இனப்பெருக்க வெற்றி, சராசரியோடு ஒப்பிட, 0.44 அளவு கூடியது. கொம்பின் எடையில் உள்ள மாறுபாட்டில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, 0.33, மரபு வழியாக வருவது. பெரிய கொம்புக்கு ஆதாயம் இருக்கிறது, கொம்பின் அளவு பிள்ளைக்கும் போகிறது. பாடப்புத்தகம் படித்த யாரும் அடுத்த வரியைச் சொல்லிவிடுவார்கள்: தலைமுறைக்குத் தலைமுறை கொம்பு பெரிதாக வேண்டும்.

ஆகவில்லை. ஏறத்தாழ முப்பது ஆண்டுத் தரவில் அப்படிப்பட்ட பரிணாம மாற்றம் தெரியவில்லை.

இங்கேதான் நிலைகளைப் பிரித்துப் பார்ப்பது கைகொடுக்கிறது. ஓட்டக்காரர்களில் நாம் 'ஆள்' என்ற நிலையோடு நின்றுவிட்டோம். வம்சாவளி தெரிந்தால் அந்த நிலையையும் உடைக்கலாம். சகோதரர்கள், தந்தை, மகன் என்று உறவினர்கள் எவ்வளவு ஒத்திருக்கிறார்கள் என்பதை வைத்து, மான்களுக்கிடையேயான வித்தியாசத்தில் மரபுப் பங்கு எது, வளர்ந்த சூழல் தந்த பங்கு எது என்று பிரிக்கலாம். இந்த வகை மாதிரியின் வேர் மாட்டுப்பண்ணையில் இருக்கிறது. ஒரு காளையின் தரத்தை அதன் மகள்கள் கறக்கும் பாலைக் கொண்டு மதிப்பிட கார்னெல் பல்கலைக்கழகத்தில் சார்ல்ஸ் ஹெண்டர்சன் உருவாக்கிய சமன்பாடுகள்தான் பிறகு காட்டு விலங்கு ஆய்வுக்கும் வந்தன.

அப்படிப் பிரித்தபோது, கொம்புக்கும் இனப்பெருக்க வெற்றிக்கும் இடையே மரபு நிலையில் நேர் ஒட்டுறவுக்கான ஆதாரம் கிடைக்கவில்லை. நாம் வெளியே பார்த்த உறவு சூழல் நிலையில் உருவானதாக இருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் விளக்கம். நல்ல தீனி கிடைத்த மானுக்குக் கொம்பும் பெரிதாக வளரும், மோதலில் வெல்லத் தெம்பும் இருக்கும். தீனி பிள்ளைக்குப் போகாது. மரபு வழி போகும் பங்குக்கும் வெற்றிக்கும் தொடர்பு இல்லையென்றால் கொம்பு பெரிதாகக் காரணமும் இல்லை. இங்கே வார்த்தையைக் கவனமாகப் பயன்படுத்துகிறேன். ஆதாரம் கிடைக்கவில்லை என்பதும் மரபு ஒட்டுறவு பூஜ்யம் என்று நிரூபணமாகிவிட்டது என்பதும் வேறு வேறு.

எதை எங்கே கேட்கலாம்?

இந்த உதாரணத்தில் ஒரு நுணுக்கம் ஒளிந்திருக்கிறது. கொம்பு ஆண்டுதோறும் அளக்கப்படுவது. வாழ்நாள் வெற்றி ஒரு மானுக்கு ஒரே எண். ஒரே எண் உள்ள பண்புக்கு 'ஒரே ஆளுக்குள்' என்ற நிலையே கிடையாது. அதனால் அந்த நிலையில் ஒட்டுறவு என்ன என்ற கேள்விக்குப் பொருளும் இல்லை. மென்பொருளிடம் கேட்டால் ஏதாவது ஓர் எண்ணைக் கொடுத்துவிடக்கூடும், ஆகவே எச்சங்களின் உடன்மாறுபாட்டை (இரண்டும் சேர்ந்து மாறும் அளவை) பூஜ்யம் என்று நாமே கட்டிவைக்க வேண்டும். வேகத்தைத் திங்களன்றும் துடிப்பை வியாழனன்றும் அளந்திருந்தாலும் இதே நிலைமைதான். ஆட்களுக்கிடையேயான உறவைக் கேட்கலாம், அன்றைய விலகல்களின் உறவைக் கேட்க முடியாது, ஏனென்றால் அவை ஒரே நாளைச் சேர்ந்த ஜோடிகள் அல்ல. பலர் தரவு சேர்த்து முடித்த பிறகுதான் இதைக் கவனிக்கிறார்கள். அது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் விஷயம். அதே நாளில் இரண்டையும் அளப்பது பெரும்பாலும் கூடுதல் செலவே இல்லாத காரியம்.

எச்சத்துக்குள் வேறு சிலவும் வந்து ஒளியும். வெயில் கொளுத்தும் ஒரு காலையில் எல்லோரும் மெதுவாக ஓடுவார்கள், எல்லோருக்கும் துடிப்பு ஏறியிருக்கும். இது நாள் என்ற மூன்றாவது நிலையில் ஓர் எதிர் உறவு. நாளையும் ஒரு ராண்டம் விளைவாக மாதிரியில் சேர்க்காவிட்டால், அது எச்சத்தில் போய்ச் சேர்ந்து ஆளுக்குள் உள்ள நேர் உறவைக் குறைத்துக் காட்டும். கடிகாரத்தின் அளவீட்டுப் பிழையும் எச்சத்துக்குத்தான் போகும். இரண்டு பண்புகளின் பிழைகளுக்கும் தொடர்பில்லை என்றால், ஆளுக்குள் உள்ள ஒட்டுறவு பூஜ்யத்தை நோக்கி இழுக்கப்படும், ஆட்களுக்கிடையேயான எண் அப்படி இழுக்கப்படாது. ஆகவே ஆளுக்குள் உள்ள ஒட்டுறவு சிறியதாக வந்தால், கருவி எவ்வளவு துல்லியம் என்று கேட்காமல் "உறவு பலவீனம்" என்று எழுதிவிட வேண்டாம்.

எந்த நிலையின் எண்ணும் தானாகக் காரணத்தைச் சொல்லிவிடாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆட்களுக்கிடையே −0.6 என்பதால் மெதுவாக ஓடுகிற ஒருவரை நாளைக்கு வேகமாக ஓடச் சொன்னால் துடிப்பு குறையாது, ஏறத்தான் செய்யும். மாதக்கணக்கில் பயிற்சி எடுத்து அவர் வேறோர் ஆளாக மாறினால் குறையலாம். அது வேறு கேள்வி.

வேகத்தை வைத்துத் துடிப்பைக் கணிக்கும்போது, சாய்வும் ஆளுக்கு ஆள் மாறலாம் என்று விட்டால், கலப்பு மாதிரியின் முடிவில் இன்னொரு ஒட்டுறவும் அச்சாகும்: ஆளின் தொடக்க மதிப்புக்கும் (வேகம் பூஜ்யம் என்று வைத்த புள்ளியில் அவருடைய துடிப்பு) அவருடைய சாய்வுக்கும் (வேகம் கூடும்போது துடிப்பு ஏறும் அளவு) இடையே உள்ளது. பெயர் ஒன்றானாலும் நாம் இதுவரை பேசிய இரண்டில் அது எதுவும் இல்லை. வேகத்தை எந்தப் புள்ளியில் பூஜ்யமாக வைக்கிறீர்களோ அதைப் பொறுத்து அது மாறும், குறிகூட மாறும். சராசரி வேகத்தைப் பூஜ்யமாக வைத்துவிட்டு, பிறகு அதைப் படியுங்கள்.

கடைசியாக, எவ்வளவு நம்பலாம் என்ற கேள்வி. 200 வரிகள் என்றதும் பெரிய தரவு என்று தோன்றும். ஆளுக்குள் உள்ள ஒட்டுறவுக்கு அது ஓரளவு உண்மை. +0.7-ஐச் சுற்றி 95 சதவீத நம்பக எல்லை (உண்மையான மதிப்பு இருக்கக்கூடிய வீச்சு) ஏறத்தாழ 0.62 முதல் 0.77 வரை. ஆட்களுக்கிடையேயான ஒட்டுறவுக்கோ நம்மிடம் இருப்பது இருபது ஜோடிகள் மட்டும். ஒவ்வொருவரின் உண்மையான சராசரியும் பிழையில்லாமல் தெரிந்துவிட்டதாக வைத்துக்கொண்டாலும், −0.6-ஐச் சுற்றிய எல்லை ஏறத்தாழ −0.82 முதல் −0.21 வரை போகும். பிழையும் சேரும்போது இன்னும் அகலும். காலைகளைப் பத்திலிருந்து முப்பதாக்கினாலும் இந்த எல்லை பெரிதாகச் சுருங்காது. பயிற்சியாளரின் கேள்விதான் உங்கள் கேள்வி என்றால், அதே இருபது பேரை மறுபடி மறுபடி ஓடச் சொல்வதைவிட, நாற்பது பேரை ஆளுக்கு ஐந்து காலை ஓடச் சொல்லுங்கள்.